கோயம்புத்தூரில் இருக்கிறேன்

நவம்பர் 13, வியாழன்

மழை. மொட்டை மாடிக் கொடி மொத்தமும் வீட்டுக்குள்ள. என் ஜன்னலுக்கு அப்பாவோட வேட்டிதான் திரை. தி. நகரைப் பார்க்கணும்னா அப்பா வேட்டியைத் தூக்கணும். இதைச் சொல்லிச் சிரிக்க ஆளில்லை. அதான் டைரி.

இன்னைய வேலை: கோயம்புத்தூர்ல இருக்கறது.

அதாவது ஊருக்கு நான் கோயம்புத்தூர் ஹாஸ்டல்ல, நீட் கோச்சிங்ல. நிஜத்துல ரெண்டாவது மாடி, பின் ரூம், மல்லாக்க. அக்கா அகிலாவுக்கு வரன் பார்த்துக்கிட்டிருக்காங்க. தங்கச்சிக்கு முதுகெலும்புல கோளாறுன்னு வெளிய தெரிஞ்சா வம்சத்துக்கே கோளாறுன்னு முத்திரை குத்திடுவாங்களாம். யோசனை அம்மாவோடது. முறைக்கிற வார்டன், உப்பில்லாத பொங்கல், குறட்டை விடுற ரூம்மேட், இதெல்லாம் என் கைவண்ணம். சுருக்கமா கோ.பொ. கோயம்புத்தூர்ப் பொய்.

ராஜி அத்தை (அப்பாவோட அக்கா, சைதாப்பேட்டை, காதுல விழுந்தா ஊருக்கே விழுந்த மாதிரி) வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. "இன்னாடி கீர்த்தி, குளிரு எப்டி கீது அங்க?" பல்லு ரெண்டு வரிசையையும் தந்தியடிக்க விட்டு, "உ-உ-உறையுது அத்தை." மேல ஃபேன் ஃபுல்ல ஓடுது.

வலி: இன்னைக்கும் அதே பெல்ட். மார்பைச் சுத்தி யாரோ ஒவ்வொரு ஓட்டையா இறுக்கிக்கிட்டே வர்ற மாதிரி. செப்டம்பர்ல மாடிப்படி ஈரத்துல வழுக்கி உக்காந்த வாக்குல விழுந்தேன். அன்னைக்குச் சிரிச்சது நான்தான் முதல்ல. அப்புறம் வந்தது இந்த பெல்ட். அதுக்கு வச்ச பேரு:

வாய்வு (அம்மா. ஓமவாட்டர் பாட்டில் பாட்டிலா.)
அல்சர் (தெருமுனை டாக்டர்)
பரீட்சை பயம் (ஸ்கூல் மிஸ்)
போன் (அப்பா. அவருக்கு மழை பெஞ்சாலும் போன்தான் காரணம்)

கடைசியா ஸ்கேன் சொல்லுச்சு. மேல்முதுகுல டிஸ்க் பிதுங்கி, உள்ள இருக்கிற தண்டுவடத்தை அழுத்துதாம். வீட்டுல அதுக்குப் பேரு ஜவ்வு. "ஜவ்வு வெலகிடுச்சு." ஜவ்வு மிட்டாய் தெரியும், முதுகுல ஸ்டாக் இருக்குன்னு இப்பதான் தெரியும். அப்பா என்னை நாலு வருஷமா 'தண்டம்'னுதான் கூப்பிடுறார். தண்டத்துக்குத் தண்டுவடத்துல கோளாறு. பொருத்தம் பத்தும் இருக்கு.

நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தினம். குழந்தையை வெளிய கூட்டிட்டுப் போனாங்க. மயிலாப்பூர், முதுகு டாக்டர்கிட்ட.

கிளம்பினதே ஒரு கடத்தல். அம்மாவோட ரெயின்கோட், மாஸ்க், தலையில துப்பட்டா. கீழ் வீட்டு ஆன்ட்டி படியில மடக்கி, "யாருங்க இது?" அப்பா கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள, "தண்ணி ஃபில்டர் சர்வீஸ் பண்ண வந்த பொண்ணு." ஆன்ட்டி: "எங்க வீட்லயும் சொட்டுதுமா, ஒரு எட்டு பாத்துட்டுப் போறியா?" நான் குரலை மாத்தி, "புக் பண்ணுங்க மேடம்." அப்பா முதுகுல லேசா தட்டினார், பாராட்டா. வலில உயிர் போச்சு.

டாக்டர் முட்டியை ஒரு சுத்தியால தட்டினார். கால் பெனால்டி கிக் அடிச்சுது. உள்ளங்காலைக் கீறினார். கட்டைவிரல் மேல போச்சு. நான் அனுப்பல. டாக்டர் சிரிக்கறதை நிறுத்தினது அப்பதான்.

ஆபரேஷன் பத்திச் சொன்னார். அப்பா கேட்ட முதல் கேள்வி: "தழும்பு தெரியுமா சார்?"

"ரொம்பச் சின்னது. முன்ன மாதிரி நெஞ்சைத் திறந்தெல்லாம் போறதில்ல. முதுகுல ஓரமா ஒரு குழாய், அதுக்குள்ள கேமரா. பிதுங்கின துண்டை மட்டும் எடுத்துட்டு வந்துடுவோம். சாவித்துவார ஆபரேஷன்னு சொல்வாங்க."

"பெல் அடிச்சுட்டு வருவீங்களா டாக்டர்?" இது நான்.

சிரிச்சார், பாவம். மேல்முதுகு எலும்பெல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருக்குமாம். அதனால எக்ஸ்ரேல மேலேர்ந்து ஒருத்தர், கீழேர்ந்து ஒருத்தர் எண்ணி, ரெண்டு பேர் கணக்கும் ஒரே எலும்புல வந்து நின்னாத்தான் வேலையை ஆரம்பிப்பாங்களாம். எங்க வீட்டுல இட்லி எண்றதும் அப்படித்தான், கணக்குதான் ஒத்து வராதுன்னேன்.

அப்புறம் அப்பா பக்கம் திரும்பி, "கால்ல பலவீனம் ஆரம்பிச்சிருக்கு. இதைத் தள்ளிப் போடக் கூடாது. இந்த வாரமே பண்ணிடலாம்."

"பெரியவளைப் பார்க்க அடுத்த ஞாயித்துக்கிழமை வராங்க சார். கார்த்திகைலயே நிச்சயம் பண்ணணும். மார்கழி பொறந்துட்டா ஒண்ணும் நடக்காது. இவ ஆஸ்பத்திரில இருந்தா... அது முடிஞ்ச கையோட..."

"மார்கழியெல்லாம் தண்டுவடத்துக்குத் தெரியாது சார். நடுவுல கால் சொன்ன பேச்சு கேக்கலைன்னாலோ, ஒண்ணுக்கு வரலைன்னாலோ, ஒரு நிமிஷம் யோசிக்காதீங்க. அப்படியே கூட்டிட்டு வாங்க. லேட்டானா கால் திரும்ப வரும்னு என்னால சொல்ல முடியாது."

ஆட்டோல திரும்பினோம். லஸ் சிக்னல்ல அப்பா, வைப்பரைப் பார்த்துக்கிட்டே: "அகிலா விஷயம் முடியட்டும்மா. கொஞ்சம் பொறுத்துக்கோ."

"தண்டத்துக்கு என்ன அவசரம்"னேன். ஜோக்குதான். அவர் சிரிக்கல, கையைப் பிடிச்சுக்கிட்டார்.

வீட்டுல அம்மாகிட்ட: "அவசரம் இல்லையாம். டிசம்பர்ல பாத்துக்கலாமாம்." என்னைப் பார்க்காமலேயே சொன்னார். நானும் வாயைத் திறக்கல.

எனக்குப் பதினேழு. என் முதுகுக்கு நான் கையெழுத்து போட முடியாது.

நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை ஒண்ணு. எதிர் வீட்டு அங்கிள் மாலை போட்டாச்சு. நேத்து வரைக்கும் பார்க்கிங்குக்குக் கெட்ட வார்த்தைல கத்தினவர், இன்னைக்கு "சாமி, வண்டியைக் கொஞ்சம் நகத்துங்க சாமி."

அகிலா ஆபீஸ்லேர்ந்து வந்ததும் என் பக்கத்துல படுத்துக்கிட்டா. மாப்பிள்ளை பேர் பிரசன்னா, அடையாறு. போன்ல ரெண்டு தடவை பேசியாச்சு, அம்மாவுக்குத் தெரிஞ்சு ஒரு தடவை.

"சிரிச்சா மூச்சு வாங்குதுடி அவருக்கு. கொக்கரிக்கிற மாதிரி."

"ஆஸ்துமாவா பாரு. ஜாதகத்துல மறைச்சிருப்பாங்க. நம்ம மாதிரியே ஆளுங்க."

தலகாணியால அடிக்க ஓங்கி, ஞாபகம் வந்து கையை இறக்கிட்டா. இப்பல்லாம் யாரும் என்னை அடிக்கறதே இல்ல. அதுதான் பெரிய வியாதி மாதிரி இருக்கு.

"டாக்டர் நெஜமாவே அவசரம் இல்லன்னாரா?"

"ஆமா."

"உன்னைப் பார்த்தா பொய் சொல்ற மாதிரியும் இருக்கு, சொல்லாத மாதிரியும் இருக்கு. அதான்டி உன்கிட்ட பிரச்சனை."

இதுக்கு முன்னாடி வந்த மூணு வரனும் 'சொல்லி அனுப்புறோம்'னு போனவங்க. ஒவ்வொரு தடவையும் அகிலா ஒரு வாரத்துக்கு மாவு மாதிரி ஊறிக் கிடப்பா. கொக்கரிக்கிறவன் வரட்டும்.

நவம்பர் 20, வியாழன்

போர். போர் அடிச்சு அடிச்சு சரணடைஞ்சாச்சு. ரப்பர் பல்லியை நூல்ல கட்டி, வேட்டியைத் தூக்கி, கீழ் வீட்டு ஜன்னலுக்கு இறக்கினேன். ஆன்ட்டி அலறின அலறல் பாண்டி பஜார் வரைக்கும் போயிருக்கும். அம்மா ஓடி வந்து நூலைப் பிடுங்கி, "ஏன்டி, கோயம்புத்தூர்லேர்ந்து பல்லி விடுறியா?" சொல்லிட்டு அவங்களே வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. இந்த மாசத்துல அம்மா சிரிச்சது இதான்.

சாயங்காலம் பாத்ரூம் போயிட்டு ரூமுக்கு வந்து படுத்தேன். அம்மா வந்து, "ஒத்தச் செருப்பை ஏன் ஹால் நடுவுல விட்டே?" பார்த்தா இடது கால்ல செருப்பு இல்ல. கழண்டதே தெரியல. நடந்ததெல்லாம் வெறுங்கால்ல. தரை சில்லுன்னும் இல்ல.

"ஃபேஷன்"னேன்.

கதவைச் சாத்திட்டு இடது தொடையைக் கிள்ளிப் பார்த்தேன். போர்வைக்கு மேல கிள்ளற மாதிரி. போர்வை இல்ல.

ஞாயித்துக்கிழமை வரைக்கும்தானே.

நவம்பர் 22, சனி

ஒத்திகை. ஹால்ல புது குஷன். என் ஸ்கேன் கவர், முதுகுக்குக் கட்டற நிஜ பெல்ட், மாத்திரை எல்லாம் கட்டிலுக்கு அடியில. நானும் ஏறக்குறைய.

மாப்பிள்ளையோட அக்கா குழந்தை வருதாம், கண்ட கதவையும் திறக்குமாம். அதனால என் ரூமுக்கு வெளியே தாழ்ப்பாள். பாத்ரூம் ஹாலைத் தாண்டிப் போகணும்ங்கறதால உள்ள ஒரு பக்கெட்.

"தும்மல் வந்தா தலகாணில தும்மு," அம்மா.

"சிரிப்பு வந்தா?"

"வராது."

இதுதான் அம்மா சொன்னதுலயே சரியான விஷயம். அப்பா வாசல்ல நின்னார். ஏதோ கேக்கப் போறார்னு நினைச்சேன். "தண்ணி பாட்டில் இருக்கா?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டார்.

நவம்பர் 23, ஞாயிறு

தாழ்ப்பாள் விழுந்தாச்சு. நல்ல நேரத்துக்குள்ள வந்துட்டாங்க. மழை விட்டுடுச்சு.

கொக்கரிப்பு கேட்டுச்சு. நிஜமாவே கொக்கரிப்புதான். அகிலா சொன்னது கரெக்ட்.

வயிறு என்னமோ மாதிரி. காலைலேர்ந்து போகல. பக்கெட்ல உக்காந்தேன், வரல

நவம்பர் 26, புதன்

ஆஸ்பத்திரி. படுத்துக்கிட்டே எழுதுறேன், எழுத்து எறும்பு ஊர்வலம். ஞாயிறை முடிச்சுடறேன்.

வரல. வயிறு பானை மாதிரி உப்பியிருக்கு, ஆனா முட்டுற உணர்ச்சி இல்ல. எழுந்திரிக்கப் பார்த்தேன். இடது கால் வரல. அதைப் பார்த்து வலதும் வரல. தரையில சரிஞ்சேன். போன் கைக்கு எட்டுச்சு. அப்பாவுக்கு: "ஒண்ணுக்கு வரல. கால் எழும்பல. ஜோக் இல்லப்பா."

ரெண்டு நீல டிக். பார்த்துட்டார். பதில் வந்துச்சு: "5 நிமிஷம்."

ஹால்ல மாப்பிள்ளையோட அப்பா காபியைப் பாராட்டினார். எந்தக் கடைத் தூள்னு விசாரணை. எங்க அப்பா காபித்தூள் கடைப் பேர் சொன்னார், சிக்கரி எவ்வளவுன்னும் சொன்னார். குரல்ல ஒரு நடுக்கம் இல்ல. அஞ்சு நிமிஷம் போச்சு, அதுக்குப் பின்னாடி இன்னொண்ணும் போச்சு.

டம்ளரை எடுத்துக் கதவுல தட்டினேன்.

"என்ன சத்தம்?" மாப்பிள்ளையோட அம்மா.

"பூனைங்க," எங்க அம்மா. "மழைக்கு உள்ள பூந்துடுது."

கத்தியிருக்கலாம். 'அம்மா'ன்னு ஒரு சத்தம் போதும். ஆனா அகிலா அங்க பட்டுப்புடவைல உக்காந்திருக்கா, அவன் கொக்கரிக்கிறான். என் வாய் தானா "மியாவ்"னுச்சு. நல்ல மியாவ். ஹால்ல குழந்தை கை தட்டுச்சு. "இன்னொரு தடவை பூனை!"ன்னு கத்துச்சு. ரெண்டாவது மியாவ் பாதியிலயே ஒடைஞ்சு அழுகையாயிடுச்சு.

தட்டைக் கீழ வைக்கிற சத்தம். புடவை சரசரப்பு. அம்மா "அகிலா!"ன்னு பல்லுக்கு நடுவுல. தாழ்ப்பாள்.

என்னைப் பார்த்தா. பக்கெட்டைப் பார்த்தா. ஹால் பக்கம் திரும்பி, ஆபீஸ் மீட்டிங் மாதிரி நிதானமா: "பூனை இல்லைங்க. என் தங்கச்சி கீர்த்தி. கோயம்புத்தூர்ல இல்ல, இங்கதான் இருக்கா. முதுகுல ஆபரேஷன் பண்ணணும். இப்ப அவளால எழுந்திரிக்க முடியல."

குழந்தை மட்டும், "பூனை அக்கா ஏன் அழுவுது?"

முதல்ல எழுந்தது பிரசன்னாதான். "கார் கீழதான் நிக்குது." பிளாஸ்டிக் சேர்ல என்னை உக்கார வச்சு அவர் ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம், ரெண்டு மாடி. லிஃப்ட் இல்லாத வீட்டுக்குப் பல்லக்கு உண்டு. கீழ் வீட்டு ஆன்ட்டி கதவைத் திறந்துட்டு, "அடடா, ஃபில்டர் பொண்ணுக்கு என்னாச்சு?" சிரிக்க முடியல. அதுக்குத்தான் இன்னும் வருத்தம்.

பின் சீட்ல மாப்பிள்ளையோட அம்மா மடியில என் தலை. பாண்டி பஜார்ல ஞாயித்துக்கிழமைக் கூட்டம், வண்டி நகரல. அவங்க ஒண்ணும் கேக்கல. நெத்தியில கை வச்சுக்கிட்டே வந்தாங்க.

ஆஸ்பத்திரில டியூப் போட்டு மூத்திரப் பையைக் காலி பண்ணாங்க. டாக்டர் டீ-ஷர்ட்ல ஓடி வந்தார். ஒரு வார்த்தை திட்டல, அதுதான் பயமா இருந்துச்சு. அப்பா கையெழுத்து போட்டது சுத்தமான ராகு காலத்துல. ராகு காலத்துல தன் கடை ஷட்டரைக்கூட இறக்காதவர். பேனாவைத் திருப்பிக் குடுக்காம பாக்கெட்ல வச்சுக்கிட்டு நின்னார்.

மேலேர்ந்தும் கீழேர்ந்தும் எண்ணி ரெண்டு கணக்கும் ஒத்து வந்துதாம். கண் முழிச்சப்போ மார்பைச் சுத்தின அந்த வலி பெல்ட் கழண்டிருந்துச்சு. முதுகுல ஒரு தீப்பெட்டி அளவு பிளாஸ்திரி, அவ்வளவுதான். இதை மறைக்கவா இவ்வளவு?

வலது கட்டைவிரல் ஆடுது. இடது, யோசிச்சு சொல்றேங்குது. டாக்டர்: "நேரம் ஆகும். எவ்வளவு வரும்னு பார்த்துத்தான் சொல்லணும்." டியூப் இன்னும் இருக்கு. நரம்பு முழிச்சுதான்னு அதை எடுத்தாத்தான் தெரியும்.

நவம்பர் 27, வியாழன்

பிரசன்னாவோட அம்மா வந்தாங்க, இளநீரோட. என்கிட்ட நல்லாப் பேசினாங்க. "எங்க, ஒரு தடவை மியாவ்னு கத்திக் காட்டு." காட்டினேன். சிரிச்சாங்க.

அப்புறம் திரைக்கு அந்தப் பக்கம் அப்பாகிட்ட. திரைக்குக் காது கேக்காதுன்னு எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை.

"ஒடம்புக்கு வர்றது யாருக்கும் வரும்ங்க. அதுக்கு வைத்தியம் இருக்கு. வெளிய தாழ்ப்பா போட்டிருந்தீங்களே. அதை நினைச்சா எனக்கு தூக்கம் வரலைங்க. நாளைக்கு எங்க வீட்ல ஒண்ணுன்னா உங்க பொண்ணும் இப்படித்தானோன்னு... இல்ல, அந்தப் பொண்ணுதான் தொறந்துச்சு, அதுவும் தெரியுது. எனக்கு ஒண்ணும் புரியல. கொஞ்ச நாள் போகட்டுங்க."

ஆக, வரன் முதுகால போகல. தாழ்ப்பாளால போச்சு.

சாயங்காலம் அகிலா, ஆபீஸ் அடையாள அட்டை கழுத்துல தொங்க.

"அழுதியா?"

"ஆபீஸ் பாத்ரூம்ல."

"அவர் என்ன சொல்றார்?"

"அம்மாகிட்ட பேசறேங்கறார். பேசட்டும். பேசலைன்னா போகட்டும்."

"என் மேல கோவமா?"

"கோவம்தான். மியாவ்னு கத்தத் தெரியுது, அக்கான்னு கத்தத் தெரியலையாடி உனக்கு?"



அவ போனதும் அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தார். சாத்துக்குடி உரிச்சார். உரிச்சுக்கிட்டே இருந்தார். கடைசியில கையில பழமே இல்ல, வெறும் நார்.

"மெசேஜைப் பார்த்தேம்மா."

"தெரியும். நீல டிக்."

"எல்லாரும் எழுந்து கிளம்பிடுவாங்க, உடனே தூக்கிட்டு ஓடிடலாம்னு..."

இங்க ஒரு ஜோக் சொல்லியிருந்தா அவர் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பார். சொல்லல. சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன். தானா திரும்ப முடியல, சிஸ்டர்தான் திருப்பி விட்டாங்க.

நவம்பர் 28, வெள்ளி

காத்தும் மழையும். காலைல டியூபை எடுத்துட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள தானா போகணும். இல்லைன்னா மறுபடி டியூப், வீட்டுக்கும் டியூபோடதான். எத்தனை நாளைக்குன்னு கேட்டேன். சிஸ்டர் ஜன்னல் திரையைச் சரி பண்ணாங்க.

அம்மா பார்லித் தண்ணி. அகிலா லீவு போட்டுட்டு இளநீர். அப்பா எதுவும் குடுக்கல, டம்ளரை மட்டும் கழுவிக் கழுவி வச்சார். என் வாழ்க்கையில முதல் தடவையா ஒரு குடும்பமே என் மூத்திரத்துக்காக விரதம் இருக்கு.

மத்தியானம்: இல்ல.

அப்புறம் இன்னொரு தடவை: இல்ல. டாக்டர் வந்து வயித்தைத் தட்டிப் பார்த்தார். "கடைசியா ஒரு முயற்சி பண்ணிடு."

வாக்கர் பிடிச்சுக்கிட்டுப் போனேன். இடது கால் தரையைப் பெருக்கிக்கிட்டே வருது. அம்மா உள்ள வந்து வாஷ்பேசின் குழாயைத் திறந்து விட்டாங்க. அந்தச் சத்தம் கேட்டா வருமாம். எனக்கு வெறும் வாஷ்பேசின்தான் கேட்டுச்சு. இனிமே எப்பவுமே இப்படித்தானா?

அப்போ கதவுக்கு வெளியே அப்பா. கரகரத்த குரல்ல.

"வரலைன்னா வரலம்மா. எவ்வளவு நேரம் வேணா ஆகட்டும். நான் இங்கதான் நிக்கறேன்."

வாக்கரை இறுக்கிப் பிடிச்சிருந்த கையை விட்டேன்.

அம்மாவைக் குழாயை மூடச் சொன்னேன். மூடினாங்க.

தண்ணிச் சத்தம் நிக்கல.